சேர்ந்தவர் பலர், முடித்தவர் சிலர்



கடையில் இருந்தபடியே சர்வகலாசாலைப் பாடம் கேட்கலாம் என்று நம் தகப்பன்மார் காலத்தில் யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இன்று அது கைத்தொலைபேசியிலேயே வருகிறது. நுழைவுப் பரீட்சை இல்லை. பல பாடங்களுக்குக் கட்டணமும் இல்லை. யாவருக்கும் திறந்த இந்த இணையப் பாடங்களைச் சுருக்கமாக 'மூக்' என்பர். அவற்றில் படித்தவர்களின் அனுபவம் யாது என்பதே இம்மாதப் பாடம்.

2011-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைப் பாடம் ஒன்றை செபாஸ்டியன் துரூன், பீட்டர் நார்விக் ஆகிய இருவரும் உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிட்டனர். சேர்ந்தவர் சுமார் 160,000. முடித்தவர் 20,000-க்குச் சற்று அதிகம். 2012-இல் மஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் சுமார் 155,000 பேர் சேர்ந்தனர். தேறியவர் 7,157 பேரே.

அவர்களில் முழு மதிப்பெண் பெற்ற ஒருவர் மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவர் பட்டுஷிக். பின்னர் அதே கழகம் அவரைத் தன் மாணவராகச் சேர்த்துக்கொண்டது. அவர் அபார புத்திசாலி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் தனியே உட்கார்ந்து படிக்கவில்லை. அக்கழகத்தில் பயின்றவரான அவரது தலைமையாசிரியர், மாணவர் சிலரை ஒன்றாகக் கூட்டி அப்பாடத்தில் அமர்த்தினார். ஸ்டான்போர்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் கருவிகளுடன் வந்து செய்முறை காட்டினார்.

ஹார்வர்டும் மஸாசூஸெட்ஸ் கழகமும் நடத்திய பாடங்களைப் பற்றி 2019-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பெயர் பதிந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தைத் திறந்தே பார்க்கவில்லையாம். 2017-18-இல் முடித்தவர் நூற்றுக்கு மூவர். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிலோ நூற்றுக்கு 46 பேர் முடித்தனர். முதல் போட்டவன் கடையைப் பூட்டி வைப்பானா? முடிக்கும் எண்ணம் உள்ளவரே பணம் கட்டினர் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம்.

இனி நம் சொந்த அனுபவம். நம் கணக்குப்பிள்ளை ஊர் திரும்பியதும் பேரேடு நம் தலையில் விழுந்தது. கணக்குப் பதிவுப் பாடம் ஒன்றில் சேர்ந்தோம். முதல் வாரம் உற்சாகம். இரண்டாம் வாரம் சரக்கு வந்து இறங்கிற்று. மூன்றாம் வாரம் பெருநாள் வியாபாரம். நான்காம் வாரம் திறக்கவே வெட்கம். மத்ரஸாவுக்கு ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் உஸ்தாது, "எங்கே போனாய்?" என்பார். இங்கே கேட்க ஒருவரும் இல்லை. ஆரம்பப் பள்ளியோடு நின்ற மூளைக்கு இவ்வளவுதான் என்று நம்மை நாமே நொந்துகொண்டோம். அது தவறு.

மறு வருஷம் பக்கத்துக் கடைக்காரரும் நம்முடன் சேர்ந்தார். திங்கள், வியாழன் இரவுகளில் இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். புரியாத இடத்தை நிறுத்தித் திரும்பக் கேட்டோம். நாம் சோர்ந்த நாளில் அவர் வாசலில் வந்து, "என்ன நானா, கடை அடைச்சாச்சா?" என்பார். எட்டு வாரப் பாடத்தைப் பன்னிரண்டு வாரத்தில் முடித்தோம். இன்று நம் ஐந்தொகையை நாமே போடுகிறோம்.

ஆகவே, சேர விரும்புவோர் மூன்றைக் கவனிக்க:

1. உங்கள் தொழிலுக்கு இன்றே தேவைப்படும் ஒரே பாடத்தை எடுங்கள்.
2. நாளையும் மணியையும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள்.
3. தனியே சேராதீர்கள், ஒருவரையேனும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதியில் விட்ட வாலிபர்களும் பெரியவர்களும் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்குக் குறைந்தது அறிவல்ல, துணைதான். நம் சங்க மண்டபத்தில் வாரத்தில் ஓரிரவு ஒரு மேசையை இதற்கென ஒதுக்கலாகாதா? நிர்வாகிகள் யோசிக்க வேண்டுகிறோம். வராதவரை, "எங்கே போனீர்?" என்று கேட்கும் பொறுப்பை நாமே ஏற்கிறோம்.