கியரை நம்பி டிராக்டரைத் தூக்காதீர்கள்

தென்னந்தோப்பில் வரிசைக்கு இடையே உழும் மினி டிராக்டருக்கு ஸ்டெப்னி கிடையாது. சீமைக்கருவேல முள் ஏறிப் பின்சக்கரம் படுத்துவிட்டால், நின்ற இடத்திலேயே சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பஞ்சர் ஒட்ட ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் வண்டியைத் தூக்கி நிறுத்தும் வேலையில்தான் ஆளை நசுக்கக்கூடிய தப்பான நம்பிக்கைகள் உலவுகின்றன.

அவற்றில் மோசமானது, "கியர்ல போட்டாச்சு, இனி வண்டி நகராது" என்பது. இரண்டு பின்சக்கரமும் தரையில் இருக்கும்வரை அது சரி. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் ஒன்றைத் தூக்கிய நொடியே அது பொய்யாகிவிடும். பின்னச்சின் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அதுதான் வழிவிடுகிறது. கியர் பிடித்து நிறுத்துவது டிஃபரன்ஷியலின் கூட்டை மட்டுமே. அந்தரத்தில் இருக்கும் சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால், தரையில் இருக்கும் சக்கரம் தடையில்லாமல் முன்னோக்கி உருளும். எஞ்சின் அசையவே வேண்டாம். பட்டறையில் இரு பின்சக்கரமும் தூக்கி வைத்த வண்டியைக் கவனித்தால் புரியும்: கியர் விழுந்திருந்தாலும், ஒன்றைக் கையால் சுற்ற மற்றது எதிர்த்திசையில் சுற்றும். தோப்பில் லேசான சரிவு இருந்தாலே போதும், வண்டி ஜாக்கியை விட்டு நழுவ.

ஆகவே பிடிக்க வேண்டியது பிரேக். இடது, வலது பெடல்களைக் கொக்கியால் இணைத்து, ஒன்றாக மிதித்துப் பூட்டுங்கள். இணைக்காமல் பூட்டினால் ஒரு பக்கம் மட்டும் பிடிபடலாம், அது தூக்கப்போகும் பக்கமாகவே இருந்துவிடலாம். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும்.

"நாலு சக்கரத்துல மூணு தரையில நிக்குதே, எப்படிச் சாயும்?" என்று கேட்பார்கள். மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஆடுவதற்காக டிராக்டரின் முன்னச்சு நடுவில் ஒரே பின்னில் தொங்குகிறது. அதனால் பின்பக்கம் தூக்கும்போது முன்சக்கரங்கள் இரண்டிருந்தும் வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்காது. முன்னச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருபுறமும் மர ஆப்பு இறுக்கினால் அந்த ஆட்டம் நிற்கும். இதைச் செய்யும் ஆட்கள் மிகக் குறைவு என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். தூக்கியபின் பானாவில் ஏறி மிதித்தால் வண்டி ஆடும். உழுத மண்ணில் ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை வேண்டும். ஜாக்கியின் வேலை தூக்குவது மட்டும். ஆயில் கசிந்தால் இறங்கிவிடும். தாங்குவதற்குப் பின்னச்சுக்கு அடியில் உறுதியான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் உடையும்.

சக்கரத்தை ஒரே ஆள் இறக்கிவிடலாம் என்பதும் டயரைப் பொறுத்தது. பிடிமானத்துக்காக முக்கால்வாசி தண்ணீர் நிரப்பியிருந்தால், பெரிய டிராக்டரின் 13.6-28 டயரில் மட்டும் 150 லிட்டருக்கு மேல் இருக்கும். மினி டிராக்டரில் அளவு குறைவு. ஆனாலும் சாய்ந்தால் காலை முறிக்கும். வால்வு கீழே வரும்படி நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டே கழற்றுங்கள்.

டயர் ரிம்மில் வழுக்கி ஏற கிரீஸ் தடவுவது தவறு. அது ரப்பரைக் கெடுக்கும். பிறகு உழும்போது டயர் ரிம்மில் வழுக்கி டியூபின் வால்வை அறுத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும், அது காய்ந்துவிடும்.

கடைசியாகக் காற்று. டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை என்று காற்றை ஏற்றிக்கொண்டே போவது வெடிகுண்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான். பல டிராக்டர் டயர்களின் பக்கவாட்டிலேயே, உட்காரவைக்க 35 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அச்சிட்டிருக்கும். அதற்குள் உட்காராவிட்டால் காற்றை முழுக்க இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவித் தொடங்குங்கள். ஏற்றும்போது நீளமான குழாயுடன், டயரின் முகத்துக்கு நேரே இல்லாமல் தள்ளி நில்லுங்கள்.