பழைய ஆண்டு மலர்களைக் காப்போம்

ஆண்டு மலர் கைக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது நம் பெயரையும் வகுப்புப் புகைப்படத்தையும்தான். பிறகு அம்மலர் எங்கே போகிறது? சில வீடுகளில் பரணுக்கு. சில வீடுகளில் பழைய தாள் வாங்குபவரின் தராசுக்கு!

இவ்வாண்டு பள்ளி நூலக அலமாரியைத் துடைத்தபோது பழைய மலர் ஒன்றைக் கண்டோம். அதில் எங்கள் தோழியின் பாட்டி மாணவியாக எழுதிய கட்டுரை இருந்தது. ஆவலுடன் புரட்டினோம்; தாளின் ஓரம் நொறுங்கிக் கையோடு வந்தது. பாட்டியிடமும் வேறு படி இல்லை.

தாள் ஏன் இவ்வாறு கெடுகிறது? மலிவான மரக்கூழ்த் தாளில் உண்டாகும் அமிலம் அதைப் பழுப்பாக்கி முறியச் செய்கிறது. தைத்த கம்பி துருப்பிடிக்கிறது. மீதியை ஈரமும் கரையானும் முடிக்கின்றன.

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களோடு பள்ளி மலர்களையும் படியெடுத்துக் காக்கிறது. நம் தமிழகத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களோடு அழைப்பிதழ்களையும் நாடக விளம்பரங்களையும்கூடச் சேர்த்து வைத்தார். அச்சேகரிப்பே இன்று சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது.

நாம் செய்ய வேண்டியவை யாவை? கிழிந்த தாளில் பசை நாடா ஒட்டக் கூடாது. பக்கங்களை அங்குலத்திற்கு 300 புள்ளிகளிலும், புகைப்படங்களை 600 புள்ளிகளிலும் ஸ்கேன் செய்யலாம். கோப்பிற்கு ஆண்டும் பக்க எண்ணும் பெயராகட்டும். மூன்று படிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில் இருத்தல் நலம். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய மலர்களில் 'லை' யானைத் துதிக்கைபோல் வளைந்திருக்கும். அதைக் கணினி தவறாகப் படிக்கக்கூடும். ஆகவே நாமே சரிபார்க்க வேண்டும். படியெடுத்தபின் மூல மலரை எறிந்துவிடலாகாது. மின்சாரமின்றித் திறப்பது அது ஒன்றே!

இன்னொன்றும் உண்டு. நாங்கள் கண்ட மலரில் ஒரு வகுப்புப் படத்தின் கீழ்ப் பெயர்களே இல்லை. பாட்டி கண்ணாடி அணிந்து, விரல் வைத்துப் பதினொரு பெயர்களைச் சொன்னார். மற்றவர்களை நினைவில்லை என்றார். இயந்திரம் முகத்தைப் படியெடுக்கும், பெயரைச் சொல்லாது. நம் செஞ்சிக் கோட்டையை ஆண்ட மன்னர்களின் பெயர்களைப் பாடத்தில் படிக்கிறோம்; அங்கே கல் சுமந்தவர்களின் பெயர்களை அறியோம். நம் பள்ளியில் படித்தோர்க்கும் அந்நிலை வரலாமா?

எனவே பெற்றோரே, தோழியரே, இன்றே பரணைப் பாருங்கள். மலர் கிடைத்தால் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். பெயர் தெரிந்த பாட்டியையும் உடன் அழைத்து வாருங்கள்!