குளிர் உள்ளே வருகிறதா, வெப்பம் வெளியே போகிறதா?

உதகமண்டலம் என்றதும் பூங்காவும் படகுத்துறையும் உங்கள் நினைவுக்கு வரலாம். அவை மே மாதத்துக் காட்சிகள். ஜனவரியில் அங்கே தகரக் கூரை போட்ட வாடகை வீட்டில், சிமெண்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கும் மாணவனைக் கேளுங்கள். வேறு கதை சொல்வான். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில், சில இரவுகளில் வெப்பநிலை 0 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்கிவிடும். வீடு சொந்தமில்லை, இடித்துக் கட்ட முடியாது. 1000 வாட் மின்கணப்பு வைத்தால் மணிக்கு ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். என்னதான் செய்வது?

"குளிர் உள்ளே வருகிறது, கதவைச் சாத்து" என்கிறோம். இயற்பியல் இதைத் திருப்பிச் சொல்கிறது: வெப்பம் வெளியே போகிறது. ஓய்வாக இருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடும். ஓர் அறையில் நான்கைந்து பேர் இருந்தால், சிறு கணப்பு ஒன்று செலவின்றி எரிவதற்குச் சமம். அந்த வெப்பம் தப்பும் வழிகளை அடைப்பதே நம் வேலை.

பெரிய குற்றவாளி கூரைதான். மேகமற்ற இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. புல்லின் மேல் உறைபனி படிவதும் இதே காரணத்தால்தான். தகரம் எளிதிற் கடத்தி. எனவே அதன் அடிப்பக்கமும் உடனே குளிர்கிறது. சூடான காற்று மேலே எழுந்து அதைத் தொட்டு, வெப்பத்தை இழந்து கீழே இறங்குகிறது. நம் மூச்சிலுள்ள ஈரமும் அதில் படிந்து, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக முகத்தில் விழும்! கூரைக்கு ஒரு சாண் கீழே பழைய சேலைகளையோ சாக்குத் துணியையோ கைமரங்களில் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். ஆணி வேண்டாம், வீட்டுக்காரர் கோபிக்கமாட்டார். உங்களுக்கும் தகரத்துக்கும் இடையே இது திரையாக நிற்கும். அடுப்புக்கு மேலே மட்டும் கட்டாதீர்கள்.

அடுத்து இடுக்குகள். ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, சன்னல் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே சாய்கிறதோ அங்கே காற்று புகுகிறது. செய்தித்தாள் கீற்றுகளை மைதாப் பசையால் அங்கே ஒட்டலாம். வீடு காலி செய்யும்போது நனைத்தால் உரிந்துவிடும். கதவின் அடியில் மணல் நிரப்பிய துணிச்சுருள் போதும். மேலேயுள்ள வென்டிலேட்டரை அடைக்க வேண்டாம். உறங்குவோருக்கு நல்ல காற்று வேண்டுமல்லவா? பாய்க்கு அடியில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்புங்கள். அட்டையின் மடிப்புகளில் சிக்கிய காற்று அரிதிற் கடத்தி. பகலில் தெற்குச் சன்னலின் திரையை விலக்கி வெயிலை வரவிட்டு, மாலையில் மூடிவிடுங்கள்.

இனி ஒரு கணக்கு. வெந்நீர்ப் பையில் 60 டிகிரியிலுள்ள ஒரு லிட்டர் நீர் 30 டிகிரிக்கு ஆறும்போது 30 கிலோ கலோரி வெப்பம் தருகிறது. 1000 வாட் கணப்பு இதை ஏறத்தாழ இரண்டே நிமிடங்களில் தந்துவிடும். ஆனால் கணப்பின் வெப்பம் அறை முழுவதும் பரவிக் கூரைக்குப் போகிறது; பையின் வெப்பமோ கம்பளிக்குள் உங்கள் காலடியிலேயே தங்குகிறது. அறையைவிடப் படுக்கையைச் சூடாக்குவதே சிக்கனம்.

சிக்கனத்தை எண்ணிச் சிலர் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்குகிறார்கள். இடுக்குகளை அடைத்த வீட்டில் இது மேலும் ஆபத்து. போதிய ஆக்சிஜன் இல்லாமல் எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகையே இல்லாமல் சிவந்து கனலும் கரியிலிருந்தும் அது வரும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இவ்வாயுவோடு இணைகிறது. உடலுக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை. உறங்குபவர் விழிக்காமலே இறந்துவிடக்கூடும். பக்கத்தில் ஒரு பாத்திரம் நீர் வைத்தால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள். இவ்வாயு நீரில் மிக அரிதாகவே கரையும். அந்த நீர் யாரையும் காப்பாற்றாது.

கரிச்சட்டியை வீட்டுக்கு வெளியே மட்டும் வையுங்கள். கனல் மங்கிவிட்டாலும் உள்ளே கொண்டுவர வேண்டாம். கரியோ விறகோ எரிந்த அறையில் ஒருவருக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் கண்டால், கதவு சன்னல்களைத் திறந்து எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, அவரை உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அறையில் என்ன எரிந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லத் தவறாதீர்கள்.