ஒரு கேடயமும் ஒரு கணக்கும்

கால்பந்து ஆட்டம் நமக்குத் தெரியும். ஒரு பக்கம் 11 பேர். மறு பக்கம் 11 பேர். நடுவில் ஒரு பந்து. எதிரணியின் வலைக்குள் பந்து போனால் ஒரு கோல்.

இங்கிலாந்து நாட்டில் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை நடக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. அதில் வரும் பணம் நல்ல காரியங்களுக்குப் போகிறது. அதனால் அதற்கு 'சேரிட்டி ஷீல்டு' என்று பெயர் வைத்தார்கள். சேரிட்டி என்றால் தருமம். ஷீல்டு என்றால் கேடயம். 2002-ஆம் ஆண்டு இந்தப் பெயரை மாற்ற வேண்டி வந்தது. ஏன்? அந்தக் கதையைப் படிப்போம்.

யார் யாருக்கும் போட்டி?

இங்கிலாந்தில் கால்பந்துப் பருவம் ஆகஸ்ட் மாதம் தொடங்கும். மே மாதம் முடியும். அங்கே இரண்டு பெரிய போட்டிகள் நடக்கின்றன.

ஒன்று, லீக் போட்டி. இப்போது அதன் முதல் பிரிவில் 20 அணிகள் ஆடுகின்றன. ஒவ்வோர் அணியும் 38 ஆட்டம் ஆட வேண்டும். யார் அதிகப் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி.

இன்னொன்று, எஃப்.ஏ. கோப்பை. எஃப்.ஏ. என்பது இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம். இந்தப் போட்டி 1871-இல் தொடங்கியது. சின்ன ஊர் அணியும் இதில் சேரலாம். தோற்ற அணி வெளியே போய்விடும். கடைசி வரை நிற்கும் அணிக்குக் கோப்பை.

லீக்கில் ஓர் அணி ஜெயிக்கிறது. கோப்பையை வேறோர் அணி ஜெயிக்கிறது. இந்த இரண்டும் அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் மோதுகின்றன. ஜெயித்தவருக்குக் கேடயம். இரண்டையும் ஒரே அணி ஜெயித்துவிட்டால்? அப்போது லீக்கில் இரண்டாவதாக வந்த அணியோடு அது ஆடும்.

தொடக்கம்

லண்டன் நகரில் ஷெரீப் என்று ஒரு பதவி உண்டு. 1898-இல் அந்தப் பதவியில் இருந்தவர் தாமஸ் டீவர். அவர் ஒரு பெரிய கேடயத்தைக் கொடுத்தார். சம்பளம் வாங்கி ஆடும் அணி ஒரு பக்கம். சம்பளம் வாங்காமல் ஆடும் அணி மறு பக்கம். வசூலாகும் பணம் மருத்துவமனைகளுக்கும் தரும காரியங்களுக்கும் என்று ஏற்பாடு.

சில ஆண்டுகளில் சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கும் சங்கத்துக்கும் சண்டை வந்தது. பழைய ஏற்பாடு நின்றுபோனது. 1908-இல் சங்கமே புதிய கேடயப் போட்டியைத் தொடங்கியது.

முதல் ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அணியும் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியும் ஆடின. ஆளுக்கு ஒரு கோல். முடிவு இல்லை. மறுபடி ஆடினார்கள். மான்செஸ்டர் அணி 4 கோல் போட்டு ஜெயித்தது. மற்ற அணி ஒன்றுகூடப் போடவில்லை.

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டைட்டானிக் கப்பல் கடலில் மூழ்கியது. சுமார் 1,500 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே இந்தக் கேடய ஆட்டம் நடந்தது. அதில் வந்த பணத்தை டைட்டானிக் நிவாரணத்துக்குக் கொடுத்தார்கள். பந்தை உதைத்தவர்கள் சிலர். டிக்கெட் வாங்கியவர்கள் பல ஆயிரம் பேர். எல்லோரும் சேர்ந்து செய்த உதவி அது.

ஆட்டம் வளர்ந்தது

இரண்டு உலகப் போர்களின் போதும் இந்த ஆட்டம் நின்றது. போர் முடிந்ததும் மறுபடி தொடங்கியது. யாரோடு யார் ஆடுவது என்பதும் பல முறை மாறியது. 1950-இல் உலகக் கோப்பைக்குப் போன இங்கிலாந்து அணி ஒரு பக்கம். கனடாவுக்குப் போய் வந்த அணி மறு பக்கம். 1959 முதல் பருவத்தின் தொடக்கத்தில் ஆடும் வழக்கம் வந்தது.

1967-இல் ஒரு வேடிக்கை நடந்தது. டாட்டன்ஹாம் அணியின் கோல் கீப்பர் பாட் ஜென்னிங்ஸ். தன் வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தை ஓங்கி உதைத்தார். பந்து மைதானம் முழுவதும் பறந்தது. தரையில் பட்டு எழும்பியது. எதிர் கோல் கீப்பரின் தலைக்கு மேலே போய் வலைக்குள் விழுந்தது! அந்த ஆட்டம் 3-க்கு 3 என்று முடிந்தது. அக்காலத்தில் சமமாக முடிந்தால் கேடயம் இருவருக்கும் பொது. ஓர் அணி ஆறு மாதம் வைத்திருக்கும். மற்ற அணி ஆறு மாதம் வைத்திருக்கும். 1993 முதல் பெனால்டி உதையால் முடிவு செய்கிறார்கள்.

1974-இல் ஆட்டம் லண்டனின் பெரிய வெம்பிளி மைதானத்துக்கு வந்தது. அன்று லீட்ஸ் அணியின் பில்லி பிரெம்னரும் லிவர்பூல் அணியின் கெவின் கீகனும் அடித்துக்கொண்டார்கள். நடுவர் இருவரையும் வெளியே அனுப்பினார். இருவரும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனார்கள். தரும காரியத்துக்கான ஆட்டத்தில் இப்படியா என்று மக்கள் முகம் சுளித்தார்கள். இருவருக்கும் அபராதம் போட்டார்கள். பல ஆட்டங்களில் ஆடத் தடையும் விதித்தார்கள்.

கேள்வி வந்தது

வெம்பிளிக்கு வந்த பிறகு ஆட்டம் பெரிதானது. கூட்டம் பெருகியது. பணமும் பெருகியது. பணம் பெருகினால் கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும் அல்லவா?

இங்கிலாந்தில் தரும காரியங்களைக் கண்காணிக்க ஓர் ஆணையம் இருக்கிறது. தருமத்தின் பெயரில் யார் பணம் வாங்கினாலும் அது கேள்வி கேட்கும். அந்த ஆணையம் இந்த ஆட்டத்தின் கணக்கையும் பார்த்தது. இரண்டு குறைகளைச் சொன்னது.

முதல் குறை: டிக்கெட் விற்ற பணத்தில் எவ்வளவு தருமத்துக்குப் போகிறது என்று சங்கம் தெளிவாகச் சொல்லவில்லை.

இரண்டாவது குறை: தரும அமைப்புகளுக்குச் சேர வேண்டிய பணம் தாமதமாகப் போனது.

'தருமம்' என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று சொல்ல வேண்டும். சட்டம் அப்படித்தான் கேட்கிறது. 2002-இல் ஆட்டத்தின் பெயர் மாறியது. 'கம்யூனிட்டி ஷீல்டு' என்று ஆனது. அதாவது சமூகக் கேடயம்.

அதன் பிறகும் பணம் நல்ல காரியங்களுக்குத்தான் போகிறது. எஃப்.ஏ. கோப்பையில் முதல் சுற்று முதல் ஆடும் அணிகள் 124. அந்த அணிகளுக்குப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் தங்கள் ஊரில் நல்ல காரியங்களுக்கு அதைச் செலவு செய்கிறார்கள்.

ஆட்டமும் தொடர்கிறது. 2025 ஆகஸ்டில் கிரிஸ்டல் பேலஸ் அணி லிவர்பூலைப் பெனால்டி உதையில் வென்றது. அந்த அணிக்கு இந்தக் கேடயம் கிடைத்தது அதுவே முதல் முறை.

நமக்கு என்ன?

இது தூர தேசத்துக் கதைதான். ஆனால் கணக்கு எல்லா ஊருக்கும் பொது. நாமும் திருவிழாவுக்கு வரி கொடுக்கிறோம். வெள்ள நிவாரணத்துக்கு உண்டியலில் போடுகிறோம். மகளிர் குழுவில் சந்தா கட்டுகிறோம். கொடுப்பது நல்ல குணம். கொடுத்தது எங்கே போனது என்று கேட்பதும் நல்ல குணம்தான். கேட்பது சண்டை அல்ல. சந்தேகமும் அல்ல. அது நம் உரிமை.

முன்பு ரசீதை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். இனி நாமே படிக்கலாம். கணக்கு நோட்டைக் கையில் வாங்கிப் பார்க்கலாம்.

புதிய சொற்கள்

கேடயம் – வெற்றி பெற்றவருக்குத் தரும பரிசுப் பலகை
வசூல் – திரட்டிய பணம்
நிவாரணம் – துன்பப்பட்டவருக்குச் செய்யும் உதவி
ஆணையம் – விசாரித்துக் கண்காணிக்கும் அரசு அமைப்பு

கலந்து பேசுவோம்

1. 1912-இல் வந்த பணம் எதற்குப் போனது?
2. ஆணையம் சொன்ன இரண்டு குறைகள் என்ன?
3. உங்கள் ஊரில் கடைசியாக எதற்குப் பணம் வசூலித்தார்கள்? கணக்கை எல்லோருக்கும் படித்துக் காட்டினார்களா?

செய்து பார்ப்போம்

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். தேதி, கொடுத்தவர் பெயர், தொகை, எதற்காக என்று தலைப்பு எழுதுங்கள். இந்த மாதம் நீங்கள் கொடுத்த சந்தா, நன்கொடை எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். கையில் உள்ள ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.