குடிப்போர் மக்கள்

திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதன்கண் பகைவர், சான்றோர், ஊரார், ஈன்ற தாய் ஆகிய பலர்முன்னும் குடிப்பவன் நிற்கின்றான். அவன் பெற்ற மக்கள் மட்டும் யாண்டும் காணப்படார்.

அம்மக்களை ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். நோவா திராட்சரசத்தால் வெறிகொண்டு ஆடையின்றிக் கிடந்தபோது, காம் அதனைக் கண்டு வெளியே சொன்னான். சேமும் யாப்பேத்தும் பின்முகமாக நடந்து சென்று தந்தையை மூடினர். இவ்விருவரையும் போற்றுதல் மரபு. ஆயினும், நாடோறும் பின்முகமாக நடக்க வேண்டிய சிறுவனுடைய நிலை என்னாம்?

வாயிற்கதவு திறக்கும் ஓசையிலேயே அன்றைய இரவு எத்தகையது என்பதை அவன் அறிவான். இன்று தின்பண்டம் கொணரும் கையே நாளை காரணமின்றி அடித்தலால், எவர் சொல்லையும் எளிதில் நம்பான். தோழரை வீட்டிற்கு அழையான். அவன் தமக்கை பத்து வயதிலேயே தம்பியர்க்குத் தாயாகின்றாள். அவளை அடக்கமுடையவள் என்று புகழ்கின்றோம். அவ்வடக்கம் பெரும்பாலும் அச்சமே. தம்பியோ வகுப்பிற் சண்டையிட்டுப் பிரம்படி பெறுகின்றான். இருவர்க்கும் நோய் ஒன்றே.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் 1955-இல் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தவர் எம்மி வெர்னர் அம்மையார். இடர்மிக்க இல்லங்களிற் பிறந்தும் செவ்வனே வளர்ந்தவர்க்குப் பாட்டியோ ஆசிரியரோ, அன்புடைய பெரியவர் ஒருவரேனும் துணையிருந்தமையை அவர் கண்டார்.

காம் செய்தது பிழையென்றே ஞாயிறு பள்ளியிற் பயின்றோம். எனினும், இன்று ஒரு சிறுவன் வெளியே வந்து தன் ஆசிரியரிடம் வீட்டுச் செய்தியைச் சொல்வானாயின், அவனைக் காமுடன் சேர்த்தெண்ண எமக்கு மனம் வரவில்லை.