துப்பாக்கி கடைசியில்!

ஒரு சின்னக் கணக்கு, நண்பர்களே. கையில் பணம் குறைவு, வாங்க வேண்டிய பட்டியல் நீளம். எதை முதல்ல வாங்குவீங்க?

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடக் கிளம்பும் புதியவர்கள் எல்லாருக்கும் இதே கேள்விதான். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அங்கே உரிமம் எடுத்து, குறித்த பருவத்தில் வேட்டையாடலாம். நாம் கத்துக்க வேண்டியது அவர்கள் வரிசைப்படுத்தும் முறையை.

வேட்டைன்னதும் துப்பாக்கிதானே ஞாபகம் வருது? அதைக் கொஞ்சம் தள்ளி வைங்க. ஒவ்வொரு பொருளிடமும் ஒரே கேள்வி கேளுங்க: "நீ நடுவழியில் கைவிட்டால் என்ன ஆகும்?"

1. பூட்ஸ்: 3000 மீட்டர் உயரம், கல்லும் சரிவும். குதிகாலில் கொப்புளம் வந்தால் இரண்டாம் நாளே பயணம் முடிஞ்சுது.

2. உடை: அக்டோபரிலேயே பனி பெய்யும் இடம். நனைந்த பருத்தி குளிரைத் தடுக்காது. உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் கம்பளி உள்ளாடையும் நல்ல மழைக்கோட்டும் அவசியம்.

3. பைனாகுலர்: எல்க் அதிகமாக மேய வருவது விடியலிலும் அந்தியிலும். 10×42 என்றால் பத்து மடங்கு உருப்பெருக்கம், முன் லென்ஸ் விட்டம் 42 மி.மீ. வகுத்துப் பாருங்க: கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 4.2 மி.மீ. 10×25இல் அது 2.5 தான்; மங்கல் வெளிச்சத்தில் காட்சி இருண்டுவிடும்.

4. முதுகுப்பை: வளர்ந்த ஆண் எல்க் சுமார் 300 கிலோ. எலும்பு நீக்கிய இறைச்சியே 90 கிலோவுக்குப் பக்கம் வரும். நடைக்கு 30 கிலோ என்றால் மூணு நடை. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலேயே விட்டு வருவது அங்கே குற்றம். பாரத்தை இடுப்புக்கு இறக்கும் சட்டகம் பையில் இல்லாவிட்டால் முதுகு போச்சு.

5. துப்பாக்கி: .30-06 தோட்டா 1906இல் வந்தது, இன்றும் எல்க்குக்குப் போதும். பழைய துப்பாக்கியே இருக்கட்டும். மிச்சப் பணத்தைச் சுட்டுப் பழகச் செலவிடுவது மேல். குறி பிசகினால் காயம்பட்ட விலங்கு காட்டுக்குள் துடித்துச் சாகும்.

விலையை வைத்து மட்டும் வரிசை போடாதீங்க. ரைஃபிள் பருவத்தில் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை அங்கே கட்டாயம். மலிவான சமாச்சாரம்தான், ஆனால் இன்னொருவர் தோட்டாவிலிருந்து காப்பது அதுதான்.

அடுத்த ப்ராஜெக்டுக்குப் பொருள் வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. விலை உயர்ந்த சென்சாருக்கு முன்னாடி, ஒழுங்கான பவர் சப்ளை உங்க பட்டியலில் ஏறிவிடும்.