பூனையும் பினாயிலும்

தில்லியில் தமிழ்ப் பெண்கள் பலர் வீட்டு வேலை செய்கிறார்கள். காலையில் தரை துடைக்க வேண்டும். வாளித் தண்ணீரில் பினாயில் ஊற்றுவார்கள். வாசனை தூக்கலாக இருந்தால்தான் சுத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதனால் அளவுக்கு மேல் ஊற்றுகிறார்கள்.

தரை காய்வதற்குள் வீட்டுப் பூனை அதில் நடக்கிறது. பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து காலை நக்குகிறது. நக்கித்தான் பூனை தன் உடம்பைச் சுத்தம் செய்யும். காலில் ஒட்டிய பினாயில் வயிற்றுக்குள் போகிறது.

கறுப்புப் பினாயிலில் பீனால் வகைப் பொருள்கள் உள்ளன. அவை கிருமியைக் கொல்லும். உடம்புக்குள் சிறிதளவு போனால், மனிதரின் ஈரல் அதை மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. ஆகவே அது பூனைக்கு நஞ்சு. எச்சில் ஒழுகும். வாந்தி வரும். உடம்பு நடுங்கும். உயிரும் போகலாம். பழி வேலை செய்த பெண்ணின் மேல் விழும்.

தடுக்கும் வழி எளிது:

1. பூனையும் நாயும் உள்ள வீட்டில் சோப்புத் தண்ணீரே போதும்.
2. பினாயில்தான் வேண்டும் என்றால், பாட்டிலில் எழுதிய அளவைப் படித்து ஊற்றவும்.
3. தரை காயும்வரை பிராணியை வேறு அறையில் விடவும்.
4. வாளியைத் திறந்து வைக்கக் கூடாது.

பூனையின் காலில் பினாயில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவவும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தொண்டை மேலும் வெந்துவிடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போகவும். தில்லியில் தீஸ் ஹசாரியில் அரசுக் கால்நடை மருத்துவமனை உள்ளது.

இன்னொரு எச்சரிக்கை. கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கக் கூடாது. குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும். 1915-இல் முதல் உலகப் போரில் வீரர்களைக் கொன்றது இதே வாயுதான். மூடிய குளியலறையில் அது மனிதருக்கும் ஆபத்து, பிராணிக்கும் ஆபத்து.

சில்லறையாக வாங்கும் பினாயிலைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்க வேண்டாம். குழந்தை எடுத்துக் குடித்துவிடும். நஞ்சு பற்றி மருத்துவர்களுக்கும் மக்களுக்கும் ஆலோசனை சொல்ல, 1995-இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தேசிய நஞ்சுத் தகவல் மையம் தொடங்கப்பட்டது.

பாட்டிலின் மேல் உள்ள எழுத்து சிறியது. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

சிந்திப்போம்

1. பினாயில் பூனையின் வயிற்றுக்குள் எப்படிப் போகிறது?
2. எந்த இரண்டு பொருள்களைச் சேர்க்கக் கூடாது? ஏன்?
3. உங்கள் வீட்டில் பினாயில் எங்கே இருக்கிறது? குழந்தையின் கைக்கு எட்டுமா?